ஒரு கற்றை முடியைப் பூவாக்குவது எப்படி: விக்டோரியா காலக் கைவினைக்கு ஒரு வழிகாட்டி

உங்களிடம் யாரோ ஒருவரின் ஒரு கற்றை முடி இருக்கும். அதை வைத்து ஏதாவது செய்ய ஆசைப்பட்டுத்தான் இதைப் படிக்க வந்திருப்பீர்கள். முதல் வேலையாக, அதை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துத் தொட்டால் போதும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் அம்மாச்சிக்கு எண்பது வயதில், தலைவாரக் கையைத் தூக்க முடியாமல் போனபோது முடியைக் கத்தரித்தோம். முழங்கை நீளம், பாதி நரை. ஒரு மஞ்சள் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்தேன். பல வருடம் கழித்து, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் முடியால் செய்த நகைகளைப் படத்தில் பார்த்துக் கிறுக்குப் பிடித்து, அதில் பாதியை எடுத்து, நூலால் கட்டாமல்கூட, வெண்காரம் போட்ட வெந்நீரில் முக்கினேன். ஐந்து நிமிடத்தில் வெளியே எடுத்தபோது பாத்திரம் தேய்க்கிற தேங்காய் நார் மாதிரி இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மிச்சப் பாதியைத் தொட எனக்கு ஒரு வருடம் பிடித்தது. இந்தக் கட்டுரையின் வரிசையே அந்த ஒரு பாத்திரம் வெந்நீரிலிருந்து வந்ததுதான்.

ஆங்கிலத்தில் ஹேர்வொர்க் என்கிறார்கள். நான் முடிவேலை என்று சொல்லப்போய், "எந்த வேலையை முடிக்கணும்?" என்று வீட்டில் இன்றும் கேலி நடக்கிறது.

எதைச் செய்யப்போகிறோம்

முடியை நினைவாக வைத்துக்கொள்ளும் பழக்கம் இங்கிலாந்து ராணி விக்டோரியாவுக்கு முந்தியது. 1649இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டபோதே அவருடைய ஆதரவாளர்கள் அவர் முடி வைத்த மோதிரங்களை அணிந்தார்கள். விக்டோரியாவின் காலத்தில், அதாவது 1837இலிருந்து 1901 வரை, அது வீட்டுக்கு வீடு நடந்த கைவினையாகப் பரவியது. 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு ராணி சாகும்வரை துக்க உடையிலேயே இருந்தார். ஆல்பர்ட்டின் முடியை வைத்த நகைகளையும் அணிந்தார். நாடே அதைப் பார்த்துச் செய்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. போருக்குப் போகிறவன் ஒரு கற்றை முடியை வீட்டில் விட்டுவிட்டுப் போவது அங்கே சாதாரணம்.

இதனால் முடி நகை என்றாலே சாவு நகை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. 1840இல் முதல் குழந்தை பிறந்ததும் ஆல்பர்ட் விக்டோரியாவுக்கு ஒரு கைச்சங்கிலி கொடுத்தார். குழந்தைகள் பிறக்கப் பிறக்க அதில் இதய வடிவ எனாமல் பதக்கங்கள் சேர்ந்தன. மொத்தம் ஒன்பது, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குழந்தையின் முடி. சிநேகிதிகள் முடி மாற்றிக்கொள்வது, காதலனுக்குக் கடிகாரச் சங்கிலி பின்னிக்கொடுப்பது எல்லாம் உண்டு. கறுப்பு எனாமலும் இறந்த தேதியும் இருந்தால்தான் அது துக்க நகை என்று உறுதியாகச் சொல்லலாம். வெள்ளை எனாமல் இருந்தால் பெரும்பாலும் குழந்தைக்கோ மணமாகாதவருக்கோ செய்தது.

சோற்றில் ஒரு முடி கிடந்தால் தட்டையே தள்ளிவைக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது ஒரு மாதிரிதான் இருக்கும். எனக்கும் இருந்தது. கழுவித் தரம்பிரித்த முடியை ஒருமுறை கையில் வாங்கிவிட்டால் அந்த உணர்வு போய்விடுகிறது, பட்டுநூல் மாதிரிதான்.

வகைகள் நான்கு. கம்பியில் வளையம் வளையமாகக் கோத்துப் பூ செய்வது ஒன்று; கண்ணாடிச் சட்டத்துக்குள் தெரிகிற பெரிய வளைய மாலைகள் இப்படிச் செய்தவை. நடுவில் ஓட்டை உள்ள மேசையில் எடைகள் தொங்கவிட்டுச் சங்கிலி, கைவளை பின்னுவது இரண்டாவது. பிசினில் ஒட்டித் தகடாக்கி, இலையும் சுருளுமாக வெட்டிப் பதக்கத்துக்குள் வைப்பது மூன்றாவது. முடியைப் பொடியாக நறுக்கிச் சாயத்தோடு குழைத்து, கல்லறையும் அழுகிற வில்லோ மரமும் வரைவது நான்காவது. நான்காவதைத் தூரிகைப் பழக்கம் உள்ளவர்களுக்கு விட்டுவிடுவோம். புதிதாக வருகிறவர் பூவில் தொடங்கி, அது கைவந்ததும் பின்னலுக்குப் போகலாம்.

பழகுவதற்கு யார் முடி?

சவுரி வாங்குங்கள். வளையல், ரிப்பன் விற்கும் பெரிய கடைகளிலும் விக் கடைகளிலும் கிடைக்கும். அசல் முடிதானா என்று கேட்டு வாங்குங்கள். நைலான் சவுரிதான் இப்போது அதிகம். ஓர் இழையைத் தீக்குச்சியில் காட்டினால் தெரிந்துவிடும்: அசல் முடி கருகிப் பொசுங்கல் நாற்றம் அடிக்கும், கையில் நசுக்கினால் பொடியாகும், நைலான் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். விக் கடைக்காரர்கள் 'ரெமி' என்று ஒரு வகை சொல்வார்கள். அடிமுனை எல்லாம் ஒரு பக்கம், நுனி எல்லாம் ஒரு பக்கம் இருக்கும்படி வெட்டிய முடி அது. திருமலையிலும் பழநியிலும் மொட்டை போடுகிற நீள முடி பெரும்பாலும் இந்த வகையாகத்தான் வியாபாரத்துக்குப் போகிறது. கொஞ்சம் விலை அதிகம், ஆனால் அதைத்தான் வாங்கவேண்டும்.

சீப்பில் வருகிற சிக்குமுடி உதவாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். விக்டோரியா காலப் பெண்கள் அதையும் வீணாக்கவில்லை. மூடியில் ஓட்டை போட்ட பீங்கான் ஜாடி ஒன்று அலங்கார மேசையில் இருக்கும். சீப்பிலிருந்து எடுத்த முடியைச் சுருட்டி அதில் திணிப்பார்கள். அது சேர்ந்ததும் கொண்டைக்குள் வைத்துப் பெரிதாகக் காட்டுகிற திண்டு ஆகும். நம்மூரில் சிக்குமுடிக்குப் பாத்திரம் தருகிறவர்கள் தெருவில் வருவது நினைவுக்கு வரும். ஆனால் பூவுக்கும் பின்னலுக்கும் சிக்குமுடி தொல்லை. முடியின் மேல்பட்டை ஓட்டு வீட்டுக் கூரை போல, செதில்கள் எல்லாம் நுனியைப் பார்த்து அடுக்கியிருக்கிறது. தலையும் வாலும் மாறிய இழைகள் ஒன்றோடொன்று உரசினால் செதில்கள் கொக்கி போலப் பிடித்துக்கொண்டு சிக்காகும். என் வெந்நீர்ப் பாத்திரத்தில் நடந்ததும் இதுதான்.

எது அடிமுனை என்று தெரியாத இழைக்கு ஒரு சோதனை உண்டு. ஒரே ஒரு முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நீளவாக்கில் பிடித்து, விரல்களை முன்னும் பின்னும் தேயுங்கள். முடி தானாக ஒரு பக்கம் நகரும். அது நகர்கிற திசையில் இருப்பதுதான் அடிமுனை. முதல் தடவை செய்யும்போது சிறுபிள்ளை போலச் சிரிப்பு வரும்.

நீளம் குறைந்தது 20 செ.மீ. இருக்கட்டும். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒன்றேகால் செ.மீ. வளரும் என்று வைத்தால், 20 செ.மீ. என்பது ஒருவரின் ஒன்றேகால் வருடத்துக்கு மேற்பட்ட காலம். சாயம் போட்டது, கெரட்டின் ஸ்ட்ரெய்ட்டனிங் செய்தது வேண்டாம். கம்பி பட்ட இடத்தில் ஒடிகிறது.

கழுவுவதும் தரம்பிரிப்பதும்

மொத்த வேலையில் பாதிக்கு மேல் இங்கேதான். சலிப்பான பகுதி, ஆனால் தாண்ட முடியாது.

கற்றையின் அடிமுனையைப் பருத்தி நூலால் இறுக்கிக் கட்டுங்கள். அங்கிருந்து நான்கு விரல் தள்ளி இன்னொரு கட்டு, நடுவில் தளர்வாக ஒன்று. ஒரு கற்றை உங்கள் சுண்டுவிரலைவிடத் தடிமனாக இருக்கக்கூடாது. அந்தக் கால முறையில் சலவை சோடா அல்லது வெண்காரம் கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிடுவார்கள். எண்ணெய்ப் பிசுக்குப் போகத்தான் அது. பழைய முடியில் பிசுக்கு ஏறிப்போயிருந்தால் ஒழிய நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வெண்காரம், அதில் பத்து நிமிடம் ஊறல், பிறகு சாதாரண ஷாம்பு. வெண்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தலைமுறை தலைமுறையாகத் தேங்காய் எண்ணெய் குடித்த முடி என்றால் இரண்டு முறை கழுவுங்கள். எண்ணெய் மிச்சம் இருந்தால் பிசின் ஒட்டாது, நாளாக நாளாகத் தூசியும் பிடிக்கும்.

கசக்கக் கூடாது. அடியிலிருந்து நுனிக்கு விரலால் வழித்துவிடுவது மட்டும்தான். துண்டில் ஒற்றி, நிழலில் தொங்கவிடுங்கள்.

காய்ந்ததும் தரம்பிரியுங்கள். கற்றையை அடிக்கட்டில் பிடித்துக்கொண்டு மேசையில் படுக்கவைத்து, மிக நீளமான நுனிகளைச் சாமணத்தால் பிடித்து இழுத்தெடுங்கள். பிறகு அடுத்த நீளம், அதற்கடுத்த நீளம். ஒரே நீள இழைகள் ஒரு குவியல். பத்து இழை எடுப்பதற்குள் முதுகு வலிக்கும். ஜன்னல் பக்கம், துணி விரித்த மேசை, மின்விசிறி அணைப்பு மூன்றும் கட்டாயம். கறுப்பு முடிக்கு வெள்ளைத் துணி, நரைக்குக் கறுப்புத் துணி. நரையும் கறுப்பும் கலந்திருந்தால் பிரித்தும் வைக்கலாம், கலவையாகவும் விடலாம். பழைய மாலைகளில் ஒரே பூவில் இதழ் ஒரு நிறம், நடு ஒரு நிறம் என்று பார்த்தால் அநேகமாக இரண்டு பேருடைய முடி.

எண்ணி 30 இழைகளை ஒரு புரியாக்கி, அடியில் ஒரு சொட்டுப் பசை வைத்துக் கட்டி, அட்டையில் வரிசையாகக் குத்தி வையுங்கள். பழைய ஐரோப்பியக் குறிப்புகளில் புரிக்கு இதைவிட அதிக இழை சொல்லியிருப்பார்கள். நம் முடி பொதுவாக அவர்களுடையதைவிடத் தடிமன், அதனால் குறைத்துக்கொள்வது நல்லது. பத்துப் புரி தயாரானால் முதல் பூவுக்குப் போகலாம்.

முதல் பூ

வேண்டியவை: 30 அல்லது 32 கேஜ் மெல்லிய தாமிரக் கம்பி, 4 மி.மீ. ஸ்வெட்டர் ஊசி ஒன்று, சின்னக் கொறடு, பட்டுநூல், நடுவில் வைக்க ஒரு முத்து மணி. கம்பி, கைவினைப் பொருள் கடையில் மணி கோக்கிற கம்பி என்று கேட்டால் கிடைக்கும். முடியின் நிறத்துக்கு நெருக்கமான நிறத்தில் எடுங்கள்.

கம்பியை 50 செ.மீ. வெட்டி நடுவில் மடியுங்கள். மடிப்புக்குள் ஒரு புரியின் அடிமுனையை வைத்து, கம்பியை நான்கு முறுக்கு முறுக்குங்கள். இப்போது ஒரு முறுக்கிலிருந்து இரண்டு கம்பிக் காலும் ஒரு முடிப்புரியும் தொங்கும். ஊசியை இடது கையில் படுக்கைவாட்டில் பிடித்து, முறுக்கை ஊசிக்கு அடியில் ஒட்டி வையுங்கள்.

விரலை லேசாக ஈரமாக்கி, புரியை ஊசிக்கு முன்பக்கமாக மேலே கொண்டுபோய், ஊசியைச் சுற்றிப் பின்பக்கமாகக் கீழே இறக்குங்கள். ஊசிக்கு அடியில் புரிக்கு முன்னால் ஒரு கம்பி, பின்னால் ஒரு கம்பி இருக்கவேண்டும். இரண்டையும் இடம் மாற்றுங்கள்: முன்னது பின்னால், பின்னது முன்னால். புரி நடுவில் மாட்டிக்கொண்டது. இது ஒரு வளையம். அதை ஒட்டியே அடுத்தது. மறுபடி ஊசி மேல் ஒரு சுற்று, அடியில் கம்பி மாற்று. பூக்கட்டத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கை அசைவு ஏற்கெனவே பழக்கம்தான். மல்லிகையை வைத்து நாரை மாற்றிப்போட்டு இறுக்குகிற அதே தாளம்.

4 மி.மீ. ஊசியில் ஒரு வளையத்துக்கு ஒன்றரை செ.மீ. முடி போகும். 30 செ.மீ. புரியில் இருபது வளையம் வரும், அது ஓர் இதழுக்குச் சரி. முடி குட்டையாக இருந்தால் 3 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள், புரியைப் பாதியில் ஒட்டுப் போட்டு நீட்டாதீர்கள், அந்த இடம் பிசிறாக நிற்கும்.

புரி தீரும்போது கம்பியை மூன்று முறுக்கு முறுக்கி நிறுத்துங்கள். ஊசியிலிருந்து மெதுவாக உருவினால், கம்பிமேல் சின்னச் சின்ன வளையங்கள் நெருக்கமாக நிற்கிற ஒரு சரம் கையில் இருக்கும். சரத்தின் இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கினால் இதழ். வளையங்கள் வெளிப்பக்கம் பார்க்கட்டும்.

முதல் சரம் கோணல்மாணலாகத்தான் வரும். என்ன தப்பு என்பதைச் சரமே சொல்லும். வளையங்கள் சாய்ந்து விழுந்தால் கம்பியை இறுக்கவில்லை. ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால், புரியை ஊசிமேல் ஒரே இழுப்பில் போடவில்லை. ஆங்காங்கே ஓரிழை நீட்டிக்கொண்டிருந்தால் தரம்பிரித்தது போதவில்லை. அதற்கு இப்போது செய்ய ஒன்றுமில்லை, நுனியைக் கத்தரியுங்கள். கம்பி ஒடிந்தால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முறுக்கியிருக்கிறீர்கள். பிரித்துச் செய்யலாம் என்று நினைக்காதீர்கள், பிரித்த முடி மறுபடி படியாது. இதற்காகத்தான் சவுரி.

ஐந்து இதழ் சேர்த்து, நடுவில் முத்தைக் கோத்த கம்பியை விட்டு, காம்புகளை ஒன்றாக்கிப் பட்டுநூலால் நெருக்கமாகச் சுற்றுங்கள். ஒரு பூவுக்கு 150 இழை ஆகியிருக்கும். இந்தக் கணக்கோடு ஒரு பழைய மாலையைப் பார்த்தால் தலை சுற்றும்.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் இண்டிபெண்டன்ஸ் என்கிற ஊரில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் பல்லாண்டு இருந்தது. அழகுக்கலை ஆசிரியையான லீலா கோஹூன் நடத்தியது. 1956இல் ஈஸ்டருக்குச் செருப்பு வாங்கப் போனவர், வழியில் ஒரு கடையில் முடி மாலை ஒன்றைப் பார்த்துச் செருப்புக் காசை அதற்குக் கொடுத்துவிட்டு வந்தார். அப்படித் தொடங்கிய சேகரிப்பு சுவரெல்லாம் மாலையாக நிறைந்தது. அவர் 2024இல் காலமான பிறகு குடும்பத்தார் அவற்றை வேறு அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவருகிறார்கள். அந்த மாலைகள் பெரும்பாலும் குதிரை லாட வடிவம், திறந்த பக்கம் மேலே. குடும்பத்தில் ஒருவர் முடி புதிதாகச் சேரும்போது நடுவில் வைத்து, இருந்ததை ஓரத்துக்குத் தள்ளுவார்கள் என்று சொல்வதுண்டு. உங்களுக்கு அவ்வளவு பெரிய திட்டம் வேண்டாம். மூன்று பூ, நாலு இலை, ஒரு வளைந்த தடிக்கம்பி. இலைக்கு அதே சரம்தான். இதழாக மடக்காமல் நீட்டமாக விட்டுவிடுங்கள்.

பின்னல்

பூ சலித்த பிறகு இங்கே வாருங்கள். அக்கால மேசை நடுவில் ஓட்டையுள்ள வட்டப் பலகை. ஒவ்வொரு புரியின் நுனியிலும் ஈய எடை கட்டி ஓரத்தில் தொங்கவிட்டு, எல்லாப் புரியின் தலைகளையும் ஓட்டை வழியாக இறக்கி நடுவில் எதிர் எடை கட்டுவார்கள். புரிகளை எதிரெதிரே மாற்றி மாற்றிப் போட, பின்னல் ஓட்டைக்குள் இறங்கிக்கொண்டே வரும். ஜப்பானியர் பட்டுக்கயிறு பின்னுகிற குமிஹிமோவும் ஏறத்தாழ இதே முறைதான். அதனால் நமக்கு வசதி: குமிஹிமோவுக்கு விற்கிற, ஓரமெல்லாம் வெட்டுப் போட்ட நுரைத்தட்டு இணையக் கடைகளில் மலிவு.

எட்டுப் புரி, ஒவ்வொன்றும் 30 இழை, நீளம் 40 செ.மீ.க்குக் குறையாமல். எல்லாப் புரிக்கும் அடிமுனை ஒரே பக்கம். எட்டையும் சேர்த்துக் கட்டித் தட்டின் ஓட்டையில் இறக்கி, அடியில் ஓர் எடையைத் தொங்கவிடுங்கள். இரும்புக் கடையில் வாங்கிய இரண்டு பெரிய நட்டு போதும். ஒவ்வொரு புரியின் நுனியிலும் ஒரு முழம் பருத்தி நூல் முடிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் கடைசி ஒரு சாண் முடி தட்டில் நிற்காமல் வீணாகும்.

மேல், கீழ், வலம், இடம் என்று நான்கு பக்கமும் இரண்டிரண்டு புரி. மேலே உள்ள ஜோடியில் வலதுபக்கப் புரியை எடுத்துக் கீழ் ஜோடிக்கு வலப்பக்கம் போடுங்கள். கீழ் ஜோடியில் இடதுபக்கப் புரியை எடுத்து மேல் ஜோடிக்கு இடப்பக்கம் போடுங்கள். தட்டைக் கால் சுற்று இடஞ்சுழியாகத் திருப்புங்கள். அவ்வளவுதான், இதையே திரும்பத் திரும்ப. நடுவில் எழுந்து போகவேண்டியிருந்தால், பாதி மாற்றிய நிலையில், கீழே மூன்று புரி நிற்கும்படி விட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வந்தால் எங்கே விட்டோம் என்று தெரியும். பின்னல் சுருளச் சுருள நீளம் நன்றாகக் குறையும், கைவளைக்கு அளந்து வைத்த முடி மோதிரத்துக்குத்தான் காணும் என்பதை மனதில் வையுங்கள்.

உள்ளே வெற்றிடமாக, வலைபோலத் தெரிகிற பழைய சங்கிலிகளுக்கு நடுவில் ஒரு பித்தளைக் கம்பியோ குழாயோ வைத்து அதைச் சுற்றிப் பின்னினார்கள். முடிந்ததும் இரு முனையும் கட்டி, கம்பியோடு கால் மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, இளஞ்சூட்டில் முழுதாக உலர்த்தி, பிறகு கம்பியை உருவிவிடுவார்கள். பின்னல் அதே வடிவில் நிற்கும். ஈரமும் சூடும் முடியின் புரதமான கெரட்டினுக்குள் இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்துகின்றன. காயும்போது அவை புது வடிவத்திலேயே மறுபடி பிடித்துக்கொள்கின்றன. இரவு ஈரச்சடையோடு தூங்கி எழுந்தால் காலையில் அலை அலையாக நிற்பதும் இதனால்தான். கொதியில் அது இன்னும் கெட்டியாகிறது. நன்றாகக் காயும் முன்னே உருவினால் பின்னல் துவண்டுவிடும். ஒரு முழு நாள் விடுங்கள்.

வெட்டும் முன் கட்டு, கட்டிய பிறகு வெட்டு. முனையை நூலால் இறுகச் சுற்றி, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கில் தோய்த்து, காய்ந்த பின் கத்தரித்து, நகைசெய் பொருள் கடையில் கிடைக்கும் குப்பிபோன்ற மூடிக்குள் செருகி ஒட்டுங்கள். இந்த வரிசையை மாற்றினால் ஒரு மாத வேலை ஒரு நொடியில் விசிறியாக விரியும்.

இதை ஒரு தொழிலாகவே செய்தவர்கள் ஸ்வீடனின் டாலர்னா மாகாணத்து வோம்ஹூஸ் பெண்கள். 19ஆம் நூற்றாண்டில் பின்னல் மேசையைத் தூக்கிக்கொண்டு கூட்டமாக ஊர் ஊராக, நாடு நாடாகப் போய், வாடிக்கையாளர் வீட்டு முடியை வாங்கிப் பின்னிக்கொடுத்துச் சம்பாதித்து, பஞ்சம் பிழைத்த ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். இன்றும் அங்கே இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒட்டு வேலை, சுருக்கமாக

பதக்கத்துக்குள் வைக்கிற சுருள் வேண்டுமானால் பூவையும் பின்னலையும் கற்கவேண்டியதில்லை. 40 இழைப் புரி ஒன்றைச் சூடான சின்னக் கம்பியில் சுற்றிச் சுருட்டி, அடியைத் தங்க நிறக் கம்பியால் கட்டி, கட்டின்மேல் பொடி முத்துகள் வைத்தால் அக்காலத்தில் இறகு என்று அழைத்த வடிவம். முத்துக்குக் கண்ணீர் என்று பொருள் சொன்னார்கள். இலை வடிவம் வேண்டுமானால் முடியை மெல்லிய தாளின்மேல் பிசின் தடவிப் பாய்போலப் பரப்பி, காய்ந்ததும் வெட்டுங்கள். பழைய ஆட்கள் பயன்படுத்திய பிசினுக்கு நம்மூர்க் கருவேலம்பிசின் நெருங்கிய சொந்தம். நீர்க்கக் கரைத்து, துணியில் வடிகட்டிப் பயன்படுத்துங்கள். கெட்டியாக இருந்தால் முடி பளபளப்பு இழந்து செத்த எலி வால் மாதிரி ஆகும்.

பழையதை வாங்க நினைப்பவர்களுக்கு

நான் அதிகம் சொல்லப்போவதில்லை. எனக்குச் செய்வதில்தான் ருசி. ஒன்று மட்டும். 'இன்னாருடைய முடி' என்ற பெயருக்காகப் பணம் கொடுக்காதீர்கள். நகைக்கடைக்குக் கொடுத்த முடியை மாற்றி, கையில் இருந்த வேறு முடியில் செய்து கொடுத்துவிடுகிறார்கள் என்கிற சந்தேகம் அந்தக் காலத்திலேயே பலமாக இருந்தது. பெண்கள் வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொண்டதற்கு அது ஒரு பெரிய காரணம். 1867இல் நியூயார்க்கில் மார்க் கேம்ப்பெல் இதற்கென்று ஒரு செய்முறைப் புத்தகமே போட்டார்.

இசைமேதை பீத்தோவன் கதை இன்னும் நல்ல பாடம். 1827இல் அவர் இறந்தபோது பதினைந்து வயது இசை மாணவர் ஃபெர்டினாண்ட் ஹில்லர் வெட்டியெடுத்ததாகச் சொல்லப்பட்ட முடி, பதக்கத்துக்குள் தலைமுறைகளாக வந்தது. அதில் ஈயம் இருந்ததை வைத்து அவர் ஈய நஞ்சால் அவதிப்பட்டார் என்றெல்லாம் எழுதினார்கள். 2023இல் மரபணுவைப் பார்த்தால் அது ஒரு பெண்ணின் முடி. மறுபக்கம், 2019இல் பிபிசியின் பழம்பொருள் நிகழ்ச்சிக்கு ஒருவர் பரணில் கிடைத்த மோதிரம் கொண்டுவந்தார். உள்ளே சின்னக் கதவு, அதற்குள் மெல்லிய பின்னல், ஆங்கில நாவலாசிரியை சார்லட் பிராண்டியின் பெயர், அவர் இறந்த 1855 மார்ச். நிபுணர் அதற்கு 20,000 பவுண்டு மதிப்பிட்டார். பெயரும் முடியும் இல்லாமல் அதே மோதிரம் 25 பவுண்டுதான் போகும் என்றும் சொன்னார்.

வைத்துக் காப்பது

முடி எளிதில் மக்காது, அதன் எதிரிகள் வேறு. வெயில் நிறத்தை வெளுக்கவைக்கும். ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். துணியந்துப்பூச்சியின் புழுவும் கம்பள வண்டின் புழுவும் கெரட்டினைத் தின்று வாழ்பவை. பட்டுப்புடவையில் ஓட்டை போடுகிற அதே கூட்டம். சட்டத்துக்குள் மணல் போன்ற பொடி உதிர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். கம்பிப் பூவாக இருந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றுப்போகாமல் மூடி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். தந்தத் தகட்டின்மேல் ஒட்டிய பழைய பதக்கத்தை ஃப்ரீசரில் வைத்தால் தந்தம் வெடிக்கலாம், அதைச் செய்யாதீர்கள். கண்ணாடி போட்ட பதக்கத்தைத் தண்ணீர்த் துணியால் துடைக்கவும் கூடாது. ஓரத்தில் இறங்குகிற ஒரு துளி உள்ளே இருக்கிற பிசினைக் கரைத்துவிடும்.

பூ வைக்கிற சட்டம் ஆழமாக, கண்ணாடி இதழைத் தொடாதபடி இருக்கவேண்டும். பின்பக்கத் தாளை ஒட்டும் முன் ஒரு வேலை பாக்கி. பழைய மாலைகளில் சிலவற்றில் ஒவ்வொரு பூவுக்கும் பொடி எண் ஒட்டி, சட்டத்தின் பின்னால் எண்ணுக்கு நேரே பெயர் எழுதியிருப்பார்கள். அந்தத் தாள் கிழிந்துபோன மாலைகள்தான் அதிகம். பென்சிலில் எழுதுங்கள், மை கசியும், மங்கும். என் சட்டத்தின் பின்னால் இருப்பது இவ்வளவுதான்: '1, 2: அம்மாச்சி, நரை தனியாக. 3: அம்மாச்சி, நரையும் கறுப்பும். இலைகள் சவுரி.'